அரை இஞ்சுக் குழாயில் அரை இஞ்சு எங்கே இருக்கிறது?

பழைய வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றை அளந்து பாருங்கள். வீட்டுக்காரர் அதை அரை இஞ்சுக் குழாய் என்பார். பிளம்பரும் அதையே சொல்வார். அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். ஆனால் அந்தக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், உள்விட்டம் ஏறக்குறைய 16. பிறகு அரை இஞ்சு எங்கே போயிற்று?

தொடக்கக் காலத்தில் இரும்புக் குழாயின் சுவர் தடிமனாக இருந்தது. உள் துவாரம் அரை இஞ்சை ஒட்டி இருந்தது. உருக்குத் தொழில் தேறியபோது சுவரை மெலிதாக்க முடிந்தது. ஆனால் வெளிவிட்டத்தைக் குறைத்தால் ஏற்கெனவே வீடுகளில் பூட்டியிருக்கும் எல்போவும் சாக்கெட்டும் பொருந்தாமல் போகும். ஆகவே வெளிவிட்டத்தைத் தொடவில்லை; உள் துவாரம் பெரிதாயிற்று. பெயர் மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டது.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் இரும்புக்கடை. சில ஆண்டுகளுக்கு முன் குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியபோது, ஸ்கேலால் அளந்து 21 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு, இணையத்தில் 20 மில்லிமீட்டர் இணைப்பு ஒன்றை வாங்கினேன். அது பொருந்தவில்லை. கழற்றிய பழைய துண்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, மரையின் மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினார். திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் இருந்த தகர டப்பாவில் கைவிட்டு இரு முனையிலும் மரை கொண்ட பித்தளை நிப்பிள் ஒன்றை எடுத்து வைத்தார். "உங்கள் வீட்டில் கீழ்த்தளம் முழுக்க ஜி.ஐ. குழாய். மாடியில் மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. எங்கள் குளியலறையில் அவர் கால் வைத்ததே இல்லை. அவருடைய அப்பா எங்கள் அப்பாவுக்குக் குழாய் விற்றிருந்தார்.

குடும்பமாக நடத்தும் இரும்புக்கடை ஒரே தெருவில் இரண்டு மூன்று தலைமுறை எப்படி நிற்கிறது என்று கேட்டால், பழக்கம், நம்பிக்கை என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் பழக்கத்துக்காக மட்டும் யாரும் ஐம்பது ஆண்டுகள் ஒரே கடைக்குப் போவதில்லை. வீடுகள் ஓர் அளவில் கட்டப்பட்டிருக்கின்றன; சரக்கு வேறோர் அளவில் வருகிறது. இரண்டையும் பொருத்தத் தெரிந்தவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

அல்சூர் வீடுகளுக்கு அந்தப் பழைய அளவு வந்த கதை நீளமானது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை காய்ச்சலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் பெங்களூருக்கு நகர்ந்தது. 1809இல் கண்டோன்மென்ட் என்ற படைக் குடியிருப்பு உருவாயிற்று. மெட்ராஸ் படையைத் தொடர்ந்து தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வணிகர்களும் ஒப்பந்தக்காரர்களும் வந்தார்கள். 1834இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடமும் பெங்களூருக்கு வந்தது. பாலமும் பாதையும் கட்டடமும்தான் அந்தப் படையின் வேலை. ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற ஒப்பந்தக்காரர்தான் இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியை 1868இல் கட்டி முடித்தார். இப்படிக் கட்டடம் தெரிந்த சனங்கள் குடியேறிய பகுதி இது. பழைய நகரமான பேட்டை தனி, கண்டோன்மென்ட் தனி என்று இரண்டு நிர்வாகங்களாக இருந்த நகரம் 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயிற்று.

அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்புத் தரை, இரும்புக் கம்பி கோத்த மரச் சன்னல், வாசற்கதவுக்கு நான்கு இஞ்சுக் கீல். எல்லாமே அடிக்கணக்கு, இஞ்சுக்கணக்கு.

1956இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1960களின் தொடக்கத்துக்குள் நாடு கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறியது. அரிசியும் துணியும் எளிதாக மாறிவிட்டன, ஏனென்றால் அவை தீர்ந்துபோகும் பொருள்கள். சுவருக்குள் புதைந்த குழாயும் நிலையில் இறங்கிய ஆணியும் தீர்ந்துபோவதில்லை. அவற்றோடு சேர வேண்டிய ஒவ்வொன்றும் பழைய அளவிலேயே இருந்தாக வேண்டும்.

எனவே கடைக் கல்லாவில் இன்னும் 'நூல்' புழங்குகிறது. ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். மூன்று நூல் போல்ட் என்றால் 9.5 மில்லிமீட்டர், நான்கு நூல் என்றால் அரை இஞ்சு. தளக்கம்பிக்கும் இதே பேச்சுதான். மேஸ்திரி மூன்று நூல் கம்பி கேட்டால் 10 மில்லிமீட்டர் கம்பி வரும். நான்கு நூல் கேட்டால் 12. வட இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி இதையே 'சூத்' என்று கேட்பார். அந்தச் சொல்லுக்கும் நூல் என்றுதான் பொருள். யார் யாரிடம் கற்றார்களோ, இரண்டு மொழிகளும் ஒரே இழையைப் பிடித்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

கம்பியின் எடையைக் கடைக்காரப் பெரியவர் மனக்கணக்காகச் சொல்வார். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று தெரியும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க வேண்டும், 0.889 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக்கம்பி 10.67 கிலோ. தராசில் அதைவிட நன்றாகக் குறைந்தால் கம்பி மெலிந்திருக்கிறது என்று பொருள். வீடு கட்டுகிற எவரும் இந்த ஒரு கணக்கையாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

கேஜ் கணக்கு தலைகீழாக ஓடும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 18 கேஜ் கட்டுக்கம்பி 1.2 மில்லிமீட்டர். பழைய வீடுகளில் மின்சாரத்துக்குப் போட்ட 3/22 கம்பி என்பது 22 கேஜ் இழைகள் மூன்றைச் சேர்த்து முறுக்கியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர் தாமிரம்தான் தேறும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும். அதே கம்பியில் 3,000 வாட் வாட்டர் ஹீட்டரை மாட்டினால் 13 ஆம்பியர் ஓடும். கம்பி சூடேறும், மேலுறை கருகும். "பிளக் மட்டும் மாற்றினால் போதும்" என்று வந்த ஓர் இளைஞருக்குக் கடைக்காரர் 16 ஆம்பியர் பிளக்கை விற்க மறுத்து, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகக் கம்பி இழுக்கச் சொல்லி எலெக்ட்ரீஷியனை அனுப்பி வைத்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். அந்த வியாபாரம் அன்றைக்குக் கடைக்கு நட்டம். அந்த வீடு யாருடையது, எந்த ஆண்டு கம்பி ஓட்டியது என்று தெரிந்த ஒருவரால்தான் அப்படி மறுக்க முடியும்.

அன்று என் பழைய துண்டில் கட்டைவிரல் தேடியதும் இப்படி ஒரு பழைய அளவைத்தான். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841இல் மரைகளுக்கு வகுத்த 55 டிகிரிக் கோணம் இன்றும் நம் தண்ணீர்க் குழாய்களில் இருக்கிறது. அரை இஞ்சுக் குழாய்க்கும் முக்கால் இஞ்சுக் குழாய்க்கும் ஓர் இஞ்சு நீளத்தில் 14 மரை. ஓர் இஞ்சுக் குழாய்க்கு 11. கை பழகியவருக்கு அது பார்க்காமலே தெரியும். ஜி.ஐ. குழாயில் தீட்டியிருக்கும் வண்ணப் பட்டையும் அப்படி ஒரு குறிப்பு. மஞ்சள் மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு தடித்தது. தண்ணீருக்கு நீலத்துக்குக் கீழே போகாதீர்கள் என்பது இந்தக் கடையின் பழைய அறிவுரை.

இந்த அறிவுரைக்குக் காரணம் பெங்களூரின் தண்ணீர். காவிரி நீர்த் திட்டத்தின் முதல் கட்டம் நகருக்கு வந்தது 1974இல். வீடுகளும் மாடிகளும் பெருகியபோது குழாய் நீர் போதவில்லை; ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. அந்தக் கடின நீரின் உப்பு இரும்புக் குழாயின் உட்புறத்தில் படிந்து படிந்து, அரை இஞ்சுக் குழாயில் பென்சில் நுழையும் அளவு துவாரம்தான் மிஞ்சும். துருவும் சேர்ந்துகொள்ளும். மாற்றாக சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதற்கும் அரை இஞ்சு என்றே பெயர். வெளிவிட்டம் மட்டும் 15.9 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, உடல் வேறு. இரண்டையும் சேர்க்க ஒரு முனையில் பித்தளை மரையும் மறுமுனையில் பசை ஒட்டும் குழிவும் கொண்ட சிறு துண்டு வேண்டும். கடையில் மிக அதிகமாக விற்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. முழு வீட்டையும் மாற்றப் பணமில்லாமல், உடைந்த இடத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் நிறைந்த பகுதியில் அப்படித்தான் இருக்கும்.

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, அடுக்குமாடிகளும் வணிக இடங்களும் குழாய்களில் ஏரேட்டர் பொருத்த வேண்டும் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. ஏரேட்டர் என்பது குழாய் வாயில் திருகும் சல்லடை மூடி. நீரோடு காற்றைக் கலந்து, செலவைக் குறைக்கும். அதிலும் அளவு உண்டு. குழாய் வாயில் மரை வெளிப்புறம் இருந்தால் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் மூடி, உட்புறம் இருந்தால் 24. பழைய பித்தளைக் குழாய்களில் மரையே இருக்காது. கடை வாசலில் ஆளுக்கொரு குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். புகைப்படம் காட்டியவர்களைக் கடைக்காரர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

அந்த வரிசையில் தமிழ், கன்னடம், தக்கணி உருது, தெலுங்கு, இந்தி எல்லாம் கேட்டன. இந்தக் கடையில் பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன: ரசமட்டம், தூக்குக்குண்டு, திருப்புளி, உப்புத்தாள், அரம், கரணை, தாழ்ப்பாள், கொண்டி. சென்னையில் வளர்ந்த என் உறவினர் பிள்ளைகளுக்கு இவற்றில் பாதி தெரியாது. ஒரு சொல் மட்டும் எப்போதும் குழப்பும். தமிழில் கீல் என்றால் கதவைத் தாங்குவது. இந்தியில் கீல் என்றால் ஆணி. பீகாரிலிருந்து வந்த தச்சர் கீல் கேட்டால் ஆணியை எடுக்க வேண்டும். அவருக்குக் கதவுக் கீல் வேண்டுமானால் 'கப்ஜா' என்பார். முன்பு தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரிகளே அதிகம் வந்த கல்லாவில், இன்று கடைக்காரரின் மகன் முதலில் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறார்.

மொழி எப்போதும் இப்படி இலகுவாக இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் இந்த நகரத்துத் தமிழர்களைத் தாக்கியபோது கடை மூடிக் கிடந்தது. மீண்டும் திறந்த நாளில் முதலில் விற்றவை பூட்டும் தாழ்ப்பாளும்தான் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. கடைப் பலகையில் கன்னடம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் இருக்கிறது. பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்ற 2024 சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே அது அப்படித்தான்.

கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லாவின் கீழ் நீண்ட நோட்டு ஒன்று இருக்கிறது, தமிழில் எழுதியது. அதில் பெயர்களைவிட அடையாளங்கள் அதிகம்: வேப்பமரத்து வீடு, மூன்றாம் கிராஸ் டீச்சர், சர்ச் எதிர் மேஸ்திரி. வேலை தொடங்கும்போது மேஸ்திரியின் கணக்கில் சரக்கு போகும். வீட்டுக்காரர் பணம் கொடுத்ததும் மேஸ்திரி வந்து அடைப்பார். கடைக்காரருக்கும் மொத்த வியாபாரியிடம் சில வாரத் தவணை உண்டு. வீட்டுக்காரர் தாமதித்தால் அந்தத் தாமதம் மேஸ்திரி வழியாகக் கடைக்கும், கடை வழியாக எஸ்.ஜே.பி. ரோடு மொத்தக் கடைக்கும் போகும். நடுவில் நிற்கும் கடை வட்டி வாங்குவதில்லை. விலையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ரொக்கமாக வாங்குகிறவரும் அந்தக் கூடுதலைச் சேர்த்தே கொடுக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கமிஷன் உண்டு என்பதும் ஊரறிந்தது. குழாய், சுவிட்ச், குளியலறைப் பொருள்களில் அச்சிட்ட விலைக்கும் கடை வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். கமிஷன் அதிலிருந்து வருகிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பொருள் வேண்டும் என்று தேர்ந்து, தூக்கி வந்து, பொருந்தாவிட்டால் திரும்ப ஓடும் வேலைக்கு வீட்டுக்காரர் தனியாகக் கூலி தருவதில்லை. ஆனால் அது வெளிப்படையாக இருக்க வேண்டும். எங்கள் கடையில் வீட்டுக்காரர் நேரில் வந்தால் அவருக்கே தள்ளுபடி உண்டு. அந்த அளவுக்கு நேர்மை இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. குழாய் வேலையில் எத்தனை எல்போ தேவை என்று சுவரை உடைக்கும்வரை தெரியாது. ஐந்து வாங்கி மூன்றைப் பூட்டி இரண்டைத் திருப்பலாம். பேரங்காடியில் பத்து திருகாணி ஒரு பாக்கெட்டில் வரும். இங்கே இரண்டு கேட்டால் இரண்டு கிடைக்கும். மொத்தச் சந்தையில் பெட்டி பெட்டியாகத்தான் தருவார்கள். பெட்டியை உடைத்து ஒன்றிரண்டாகக் கொடுப்பதும், கொடுத்ததில் பாதியைத் திரும்ப வாங்குவதும், இரண்டு குழாய்களை இணைக்கும் ஒன்றேகால் இஞ்சு யூனியனை ஆறு ஆண்டுகள் அலமாரியில் காத்து வைத்திருப்பதும் கணக்குப் பாடத்தின்படி நட்டம். ஆனால் அந்த யூனியனைத் தேடி ஒரு நாள் வருகிறவர் அடுத்த மாதம் வீட்டுக்கு வண்ணம் பூசவும் இங்கேதான் வருவார்.

சோமேஸ்வரர் கோயிலின் பூப்பல்லக்கு விழா வந்தால் கடைக்கு வேறு முகம். பல்லக்குகளைக் கட்டக் கட்டுக்கம்பியும் ஆணியும் கயிறும் போகும். அந்த வாரம் நோட்டில் எழுதுவதில்லை என்கிறார்கள். கோயில் குழுவினர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது கடையை நெருக்குவது எது? இணைய வியாபாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன, அதுதான் காரணம். 2011 அக்டோபரில் அல்சூர் வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு மனை விலையும் வாடகையும் ஏறின. ஓட்டு வீடும் டெரஸ் வீடும் இடிந்து நான்கைந்து மாடியாயின. கட்டுகிறவர் சிமெண்ட்டும் கம்பியும் நேராக மொத்தத்தில் எடுக்கிறார். கடை சிறியது, ஜி.எஸ்.டி.யின் இணக்க வரித் திட்டத்தில் இருப்பது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வியாபாரி ஒரு சதவீதம் வரி கட்டும் திட்டம் அது. அந்தப் பில்லை வைத்து வாங்குபவர் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. எனவே நிறுவனங்கள் வேறு இடம் போகின்றன. புதிய சமையலறை அலமாரிகளில் 35 மில்லிமீட்டர் குழிக்குள் உட்காரும் கீல். கெட்டால் அதே நிறுவனத்தின் ஆள் வந்து முழுதாக மாற்றுவார். அங்கே கட்டைவிரலுக்கு வேலை இல்லை.

மகன் வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கட்டடம் குடும்பச் சொத்து, வாடகை இல்லை. அதனால்தான் முடிகிறது என்று அவரே சொல்கிறார். இதே தெருவில் வாடகைக்கு இருந்த இன்னொரு இரும்புக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை.

பழைய வீட்டில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கடைக்குப் போகும்போது கழற்றிய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். துருவைத் தேய்க்காதீர்கள், மரையில் சுற்றிய சணலையும் பிரிக்காதீர்கள். எவ்வளவு ஆழம் பூட்டியிருந்தது என்பது அதில் தெரியும். காலை எட்டிலிருந்து பத்து வரை மேஸ்திரிகளின் நேரம், அப்போது போனால் நிற்க வேண்டியிருக்கும். பதினோரு மணிக்குப் போனால் பெரியவர் நாற்காலியில் இருப்பார், டப்பாக்களைத் திறந்து காட்டவும் அவருக்கு நேரம் இருக்கும்.